பழைய ஃபோர்வீல் ஜீப்: கோளாறோடு வாங்கலாமா?

சம்பள டிரைவராக மலையில் சில வருடம் ஓட்டியவருக்குச் சொந்த வண்டி ஆசை வந்தே தீரும். புது வண்டிக்கு முன்பணம் கட்டவே கை எட்டாது. அந்த நேரம் பார்த்து டீக்கடையில் ஒருவர் காதில் போடுவார்: "எஸ்டேட்டுல ஒரு ஃபோர்வீல் நிக்குது தம்பி. கொஞ்சம் வேலை இருக்கு. பேசி முடிச்சா சல்லிசா வந்துரும்."

அந்தக் 'கொஞ்சம் வேலை' எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே விஷயம். ஆசைக்கு ஜீப் வாங்குபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவர் வண்டி மூன்று மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை போரடிக்கும், அவ்வளவுதான். பிழைப்புக்கு வாங்குபவருக்கு வண்டி நிற்கும் நாளில் வரும்படி நிற்கும், டியூ நிற்காது.

பழைய ஃபோர்வீலில் கோளாறே இருக்கக் கூடாது என்று தேடினால் வாங்கவே முடியாது. ஆகவே கேள்வியை மாற்றிப் போடுங்கள். இந்தக் கோளாறுக்குப் பெயர் சொல்ல முடிகிறதா? சரி செய்ய எத்தனை நாள் வண்டி நிற்கும்? கிளட்ச் போய்விட்டது, ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று பெயரோடு சொல்ல முடிந்த கோளாறு உங்களுக்குச் சாதகம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். "என்னமோ சத்தம் வருதுண்ணே, எங்கேன்னு தெரியல" என்கிற கோளாறுக்கு அடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடலாம்.

முதலில் வேலை, பிறகு வண்டி

உங்கள் பிழைப்புக்கு ஃபோர்வீல் உண்மையில் தேவையா? வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. இரண்டும் தார் ரோடு. சாதாரண பொலிரோ வருடம் முழுவதும் ஏறி இறங்கும். மலை என்றாலே ஃபோர்வீல் என்று நினைத்து வாங்கினால், கூடுதலாக ஒரு டிஃபரன்ஷியல், ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், ஒரு ப்ரொபெல்லர் ஷாஃப்ட், அவற்றுக்கான சீல், பேரிங், ஆயில் எல்லாவற்றையும் சேர்த்துச் சுமப்பீர்கள். டீசலும் கூடக் குடிக்கும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல் பாதை வேறு சங்கதி. மேகமலைப் பக்கம் தார் முடிந்த பிறகு வரும் தோட்டப் பாதைகளும் அப்படித்தான். மழைக்காலத்தில் காபி, மிளகு மூட்டை இறக்கும் சேற்றுத் தடங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கெல்லாம் ஃபோர்வீல் இல்லாமல் வேலையே கிடையாது.

அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. கொழுக்குமலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப் ஏறும் பாதையோ இடுக்கி மாவட்டத்தில் தொடங்குகிறது. தமிழ்நாட்டு வாடகை வண்டி கேரளத்துக்குள் ஆள் ஏற்ற வேண்டுமானால் அதற்கான பர்மிட்டும் வரியும் வேண்டும். அது இருந்தாலும் ஸ்டாண்டில் முறை வைத்து ஓடும் இடத்தில் புது வண்டியைச் சேர்ப்பார்களா என்பது தனிக் கேள்வி. இன்ஜினைக் கேட்பதற்கு முன் ஸ்டாண்டைக் கேளுங்கள். "அண்ணே, நான் ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன், முறையில சேத்துக்குவீங்களா?" என்று கேட்க வெட்கப்பட்டு, வண்டி வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியவர்கள் உண்டு.

அடுத்தது போர்டு. பழைய ஜீப்களில் பெரும்பாலானவை வெள்ளை போர்டு. ஓன் போர்டில் ஆள் ஏற்றி வாடகை வாங்கினால் பர்மிட் இல்லாமல் ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய். சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு. அதைவிடப் பெரிய பயம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும் என்பது. ஓன் போர்டை மஞ்சள் போர்டாக மாற்றலாம்தான், ஆனால் எல்லா வண்டியும் மாறாது. வயது, மாடல், இருக்கை எண்ணிக்கை எல்லாம் பார்ப்பார்கள். விலை பேசும் முன் ஆர்டிஓ ஆபீஸில் வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். லைசென்ஸ் விஷயத்தில் நல்ல சேதி: 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை எல்எம்வி லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது, 2024இல் அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. ஜீப் அதற்குள் தாராளமாக அடங்கும்.

ஸ்பேனர் வண்டி, ஸ்கேனர் வண்டி

சந்தையில் உங்கள் கண்ணில் படப்போகும் ஃபோர்வீல்களை இப்படி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மஹிந்திரா எம்எம் 540 போன்ற பழைய ஜீப்கள் ஸ்பேனர் வண்டி. பியூஜோ வழியில் வந்த எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2,112 சிசி. கரண்ட் சமாசாரம் என்று ஹீட்டர், ஸ்டார்ட்டர், லைட்டைத் தவிர அதிகம் கிடையாது. ஊர் மெக்கானிக் மரத்தடியில் பிரித்து மாட்டுவார். ஏற்றத்தில் வேகம் இருக்காது. ஆனால் நின்றால் எதனால் நின்றது என்று தெரியும். பின்னால் வந்த டிஐ இன்ஜின் ஜீப்களும் இந்த ஜாதிதான்.

2010இல் வந்த தாரின் சிஆர்டிஇ மாடல், ஸ்கார்பியோ ஃபோர் பை ஃபோர், 2020இல் வந்த புதிய தார் எல்லாம் ஸ்கேனர் வண்டி. 105 குதிரைச் சக்தி என்ற ருசியைப் பழைய சிஆர்டிஇ தார் காட்டிவிடும். அதன் பிறகு எம்எம் 540 கசக்கும். ஆனால் காமன் ரெயில் இன்ஜெக்டரோ, உயர் அழுத்த பம்போ, சென்சாரோ போனால் மரத்தடியில் வேலை நடக்காது. ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம், டோ செய்து கொண்டுபோக என்ன செலவு என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். "செக் இன்ஜின் லைட் எரியுது, சென்சார்தான்" என்பவரிடம் "அப்ப மாத்திட்டுக் குடுங்க, ஆயிரம் ரூபா சேத்தே தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள்.

மாருதி ஜிப்ஸி தனி. 1985இல் வந்தது, பெட்ரோல், எடை குறைவு என்பதால் சேற்றில் கெட்டிக்காரன். தயாரிப்பு நின்று வருடங்கள் ஆகிவிட்டன. பெட்ரோல் விலைக்கு மூட்டை இழுக்கக் கட்டுபடியாகாது. ஆசைக்கு வாங்குபவர்கள் போட்டி போட்டு விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பிழைப்புக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

எதை எடுத்தாலும் சாமான் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கிடைக்கும் என்று சொல்வது சென்னைக்காரருக்குச் சரி. போடிநாயக்கனூரில் வண்டி நிற்கும்போது ஒரு பேரிங் பார்சலில் வர எத்தனை நாள், அத்தனை நாளுக்கு உங்கள் வரும்படி போயிற்று.

பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பேச்சு கொடுப்பதற்கு முன் பானெட்டைத் தூக்கி ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் வண்டியாக இருக்கலாம். "ஏண்ணே, இப்பத்தான் ஓட்டிட்டு வந்தீங்களா?" என்று சும்மா கேளுங்கள், பதிலைவிட முகம் அதிகம் சொல்லும்.

குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை, டீசலில் அது இயல்பு. பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டே வெடித்திருக்கலாம். எது என்று கழற்றாமல் தெரியாது. கழற்றும் செலவு யாருடையது என்பதுதான் அங்கே பேரம்.

ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பாருங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் எரியலாம், நாசிலும் போயிருக்கலாம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் கறுப்புப் புகை என்றால் நாசில், பம்ப், ஏர் ஃபில்டர் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. பிறகு இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அதன் மேலேயே வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. குபுகுபு என்று புகை தள்ளி மூடி குதித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இன்ஜின் இறக்காமல் அது தீராது.

கிலோமீட்டர் மீட்டரைக் காட்டி "அம்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பார்கள். எஸ்டேட் ஜீப்பில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. நாள் முழுவதும் முதல் கியர், இரண்டாவது கியரில் இழுத்த வண்டி குறைந்த கிலோமீட்டரிலேயே இன்ஜினைத் தேய்த்து முடித்திருக்கும். பெடல் ரப்பர், கியர் நாப், டிரைவர் சீட்டின் தேய்மானம் அதைவிட நம்பகமான மீட்டர்.

ஃபோர்வீல் வேலை செய்கிறதா?

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இது. முதலில் கீழே படுத்துப் பாருங்கள். முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா? டீசல் மிச்சம் என்று சிலர் கழற்றிப் போட்டிருப்பார்கள், சத்தம் வந்ததால் கழற்றியவர்களும் உண்டு. முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் ஹவுசிங் இருக்கிறதா? இரண்டும் இல்லாமல் ஃபோர்வீல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய ஜீப்பும் விற்பனைக்கு வரும்.

அடுத்து, சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். இன்ஜின் ஆஃப். ஹப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை டூவீலில் வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பழைய மாடல்களில் சக்கரத்தோடு முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டும் சுற்ற வேண்டும். சக்கரம் மட்டும் சுற்றி ஷாஃப்ட் சும்மா இருந்தால் ஹப்போ, ஆக்சில் ஷாஃப்ட்டோ, டிஃபரன்ஷியலோ காலி. இப்போது லீவரை ஃபோர்வீலுக்குத் தள்ளி, வண்டியை முதல் கியரில் விட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் கொடுத்துவிட்டுச் சக்கரம் பிடித்து நிற்க வேண்டும். தொடர்ந்து சுற்றினால் ஃபோர்வீல் விழவில்லை. நிற்கும் முன் கொடுக்கும் ஆட்டம் அதிகமாக இருந்தால் யுனிவர்சல் ஜாயின்ட்டில் தொடங்கி கிரவுன் பினியன் வரை எங்கேயோ தேய்மானம் இருக்கிறது. அடுத்தவரைச் சக்கரத்தை ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தால் எங்கே என்பது தெரிந்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஃபோர்வீலைத் தார் ரோட்டில் போடாதீர்கள். இந்த ஜீப்களில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் ஓடும் தூரமும் பின்சக்கரம் ஓடும் தூரமும் வேறு வேறு. மண்ணில் சக்கரம் சறுக்கி அதைச் சரிக்கட்டும், தாரில் முடியாது. வண்டி இறுகும், உதறும், லீவர் திரும்ப வராது. நல்ல வண்டியும் அப்படித்தான் செய்யும். அதைக் கோளாறு என்று நினைத்து விட்டுப் போனவர்களும் உண்டு, நிஜக் கோளாறுக்கு அதையே சாக்காகச் சொல்லி விற்றவர்களும் உண்டு. மண் பாதைக்குக் கொண்டுபோய், லோ கியரில் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

பிறகு இறக்கம். ஏற்றத்தை எல்லோரும் சோதிப்பார்கள், இறக்கத்தைச் சோதிப்பவர் குறைவு. லோவில் இரண்டாவது கியர் போட்டு, காலை எடுத்துவிட்டு, இன்ஜின் பிடிப்பிலேயே இறங்குங்கள். கியரோ டிரான்ஸ்ஃபர் லீவரோ தானாக நியூட்ரலுக்குத் தெறித்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். பயணிகளை வைத்துக்கொண்டு கல் பாதையில் இறங்கும்போது அது ஒரு முறை நடந்தால் போதும். "லீவரைக் கையில புடிச்சுக்கிட்டா நிக்கும் தம்பி" என்பார்கள். நிற்கும், ஸ்டியரிங்கை யார் பிடிப்பது?

எதை ஏற்கலாம், எதில் ஓடலாம்

கிளட்ச் பிளேட், யுனிவர்சல் ஜாயின்ட், ஆக்சில் சீல், ரேடியேட்டர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பிரேக் வீல் சிலிண்டர், ஒடிந்த பிளேட், ஷாக் அப்சார்பர். எல்லாம் கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் இவை விலை தெரிந்த வேலைகள். சாமான் கையில் இருந்தால் சில நாளில் முடியும். கிளட்ச்சைச் சோதிக்க, ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூன்றாவது கியரில் மெல்ல விடுங்கள். இன்ஜின் ஆஃப் ஆனால் பிளேட் பிடிக்கிறது. ஆகாமல் உறுமினால் மாற்ற வேண்டும். கியரை முன்னும் பின்னும் மாற்றும்போது 'டொக்' என்று கேட்டால் பெரும்பாலும் ஜாயின்ட்தான். முன்சக்கரத்துக்குள் கிரீஸ் ஒழுகுவது பழைய ஜீப்பில் பரம்பரை வியாதி. சீல் மாற்றினால் கொஞ்ச காலம் நிற்கும், மறுபடி வரும்.

நடுத்தரமாக யோசிக்க வேண்டியவை: டிஃபரன்ஷியலில் ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊளைச் சத்தம், டிரான்ஸ்ஃபர் கேஸில் கரகரப்பு, டர்போவில் ஆயில், ரிங் போன இன்ஜின். இவற்றுக்கும் பெயர் உண்டு. ஆனால் திறந்த பிறகு செலவு வளரும் இனம். டிஃபரன்ஷியல் டிரெய்ன் நட்டைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் வயது. துண்டு துண்டாக இரும்பு வந்தால் கிரவுன் பினியன் பல் உடைகிறது. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் ஆற்றில் இறங்கிய வண்டி. பேரிங் எல்லாம் சந்தேகம். விற்பவர் அந்த நட்டைக் கழற்றவே விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

ஓட வேண்டியது சேசிஸைப் பார்த்து. ஜீப்பின் பாடி எப்படி இருந்தாலும் டிங்கரிங்கில் கொண்டு வரலாம். சேசிஸில் விரிசலோ, துரு அரித்த ஓட்டையோ, பட்டை வைத்து வெல்டு அடித்த தழும்போ இருந்தால் அது சரியாகும் வேலை இல்லை. பிளேட் தொங்கும் ஹேங்கர் அருகிலும், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே துருவோ பட்டியோ. புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த சேசிஸைக் கண்டால் மகிழாதீர்கள், ஏன் அடித்தார்கள் என்று யோசியுங்கள்.

டயரையும் ஒரு பார்வை. நாலும் ஒரே சைஸாக இருக்க வேண்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று மாட்டி ஃபோர்வீலில் ஓட்டிய வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் கஷ்டப்பட்டிருக்கும்.

மெக்கானிக்கை எப்படிக் கூட்டிப்போவது

விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். புரோக்கரோடு டீ குடிப்பவரும் வேண்டாம், விற்றால் அவருக்கும் கமிஷன் உண்டு. நாளைக்கு இந்த வண்டியில் வேலை செய்யப்போகிறவரையே கூட்டிப்போங்கள். அவருடைய அன்றைய கூலியை வண்டி முடிந்தாலும் முடியாவிட்டாலும் கொடுத்துவிடுவதாக முன்பே சொல்லுங்கள். "வண்டி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டால் "பரவால்ல" என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: "இதுல உள்ள வேலை எல்லாத்தையும் மொத்தமா பேசி நீங்களே எடுத்துச் செய்யறீங்களா? எவ்வளவு? எத்தனை நாள்?" அவர் சொல்லும் தொகையைவிட, சொல்லத் தயங்கும் இடத்தைக் கவனியுங்கள். "கியர் பாக்ஸை மட்டும் திறந்துதான் சொல்லணும் தம்பி" என்று அவர் ஒதுக்கிவைப்பதில்தான் உங்கள் ஆபத்து இருக்கிறது.

பேப்பர் கோளாறுக்கு மெக்கானிக் இல்லை

ஆர்சி புக்கில் இருக்கும் பெயரும் எதிரே நிற்பவரும் ஒருவர்தானா? எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்சி, இன்ஷூரன்ஸ், ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். ஃபைனான்ஸ் இருந்தால் அந்தக் கம்பெனியின் என்ஓசியும் படிவம் 35ம் கையில் வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். எஸ்டேட் வண்டி என்றால் பெரும்பாலும் கம்பெனி பெயரில் இருக்கும். மேனேஜர் கையெழுத்து மட்டும் போதாது. விற்க அவருக்கு அதிகாரம் கொடுத்த கடிதமும் வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாறிய பிறகு வாருங்கள் என்று சொல்லி எழுந்துவிடுங்கள்.

புரோக்கர் கையில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட காலிப் படிவம் 29, 30 இருக்கும். அந்தக் கையெழுத்துக்காரர் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் மூன்று கை மாறிய வண்டிகள் உண்டு. கையெழுத்துக்காரரைப் போனிலாவது பிடியுங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. இதை எடுத்துச் சொன்னால் பழைய உரிமையாளரே ஓடிவந்து பெயர் மாற்றித் தருவார். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும்.

சேசிஸ் நம்பரின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். ஆர்டிஓ ஆபீஸில் செய்வதே இதுதான். விழும் எண்ணை ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எண் மட்டும் ஆழமாகவோ கோணலாகவோ விழுந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இன்ஜின் நம்பரும் அப்படியே. பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் உட்கார்ந்து, ஆர்சியில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும் வண்டிகள் மலையில் ஏராளம். தயாரித்தபோது இருந்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எஃப்சிக்குப் போகும்போது அவை மாட்டிக்கொள்கின்றன. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் கட்டி வரும் பளபளா திறந்த ஜீப்பும், 'மிலிட்டரி டிஸ்போசல்' என்று வரும் வண்டியும் இந்த வகையில் நன்றாகச் சோதிக்க வேண்டியவை. டெல்லி வண்டி மலிவாக வருவதற்கும் காரணம் உண்டு: பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே தடை என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு. என்ஓசி ஒழுங்காக இருந்தாலும் இங்கே வரி கட்டிப் பதிய வேண்டும். அதைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு பாதியாகிவிடும்.

ஓன் போர்டு வண்டிக்கு 15 வருடத்தில் ஆர்சி முடியும். புதுப்பித்தால் ஐந்து வருடம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் காருக்கும் ஜீப்புக்கும் 5,000 ரூபாய் ஆனது. அப்புறமும் ஏறியிருப்பதால் நேரில் கேளுங்கள், பசுமை வரியையும் சேர்த்து. மஞ்சள் போர்டு வண்டி எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்சி. அதற்காகப் பெயின்ட், பிரேக், லைட் என்று வண்டி நிற்கும் நாட்களையும் கணக்கில் எழுதுங்கள்.

கணக்கும் பேச்சும்

ஒரு தாள் எடுங்கள். கீழே வருவது கணக்கு காட்ட நான் போட்ட எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இதே மாடல், கோளாறு இல்லாமல், பேப்பர் ஓடுகிற நிலையில் 4,10,000 என்று வைப்போம். நீங்கள் பார்த்த வண்டிக்குக் கேட்பது 3,20,000. மெக்கானிக் சொன்ன வேலை 38,000. அவர் திறந்துதான் சொல்லணும் என்றதற்கு அதில் பாதி, 19,000. டயர் 28,000. எஃப்சி, இன்ஷூரன்ஸ், வரி பாக்கி 15,000. வண்டி நிற்கும் 12 நாளுக்குத் தினம் 1,500 வீதம் 18,000. கூட்டினால் 1,18,000. ஆக 90,000 மலிவு என்று வந்த வண்டி, நல்ல வண்டியைவிட 28,000 அதிகம். 2,92,000க்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் நஷ்டம். அதற்குக் கீழே வந்தால்தான் கோளாறு வண்டி வாங்கும் தலைவலிக்குக் கூலி.

இந்தத் தாளோடு பேசப் போங்கள்.

"மூணு இருவதுக்கு ஒரு ரூபா குறையாது தம்பி. போன வாரமே ஒருத்தர் கேட்டுட்டுப் போனாரு."

"வண்டி நல்ல வண்டிதாண்ணே. கிளட்ச்சு, ரெண்டு ஜாயின்ட்டு, ரேடியேட்டர், நாலு டயரு. எஃப்சி முடிஞ்சு போச்சு. நான் சொல்றதுல ஏதாவது தப்பா?"

"அதெல்லாம் சின்ன வேலை."

"அப்ப நீங்களே முடிச்சு எஃப்சி காமிச்சுக் குடுங்க. நீங்க கேட்டதுக்கு மேலயே தர்றேன்."

இந்தக் கடைசி வரிக்குப் பிறகு பெரும்பாலும் விலை இறங்கும். இறங்காவிட்டால் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன் ஃபோர்வீலுக்குக் கிராக்கி. சீசன் ஓய்ந்து வண்டிகள் சும்மா நிற்கும் நேரத்தில் அதே மனிதர் அவராகவே கூப்பிடுவார்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் தாளில் எழுதி வாங்குங்கள்: வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், பேசிய விலை, பேப்பர் தர வேண்டிய தேதி, தராவிட்டால் அட்வான்ஸ் திரும்பும் என்ற வரி. பாக்கியை வங்கி வழியாகவே அனுப்புங்கள். இருக்கிற காசு முழுவதையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். விலையில் மூன்றில் ஒரு பங்காவது கையில் இல்லாமல் கோளாறு வண்டியைத் தொடக்கூடாது என்பது என் கணக்கு. அந்தக் காசு இல்லாதவர்கள்தான் பிரித்துப் போட்ட இன்ஜினை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு மறுபடி சம்பளத்துக்குப் போகிறார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பெயின்ட், சீட் கவர், பம்பர் லைட் என்று இறங்கத் தோன்றும். தள்ளி வையுங்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல், ஐந்திலும் ஆயிலை மாற்றுங்கள். பிரேக் முழுவதும் பிரித்துப் பாருங்கள். ஃபேன் பெல்ட்டும் ரேடியேட்டர் ஹோஸும் புதுசு போட்டு, பழையதில் நல்லதை ஸ்பேராக சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஸ்டாண்டில் பெயர் கொடுக்கும் முன் ஓடப்போகும் பாதையிலேயே ஒரு நாள் காலியாகவும், ஒரு நாள் மணல் மூட்டை ஏற்றியும் போய் வாருங்கள். வந்த பிறகு வீல் நட்டு, பிளேட்டின் யூ போல்ட்டு, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போல்ட்டு எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். வேலை பார்த்த வண்டியில் முதல் லோடு இறங்கியதும் இவைதான் தளரும்.